கை நுழையாத சட்டை

கண்ணு,

கடிதம் என்றால் ‘நாங்கள் அனைவரும் இங்கு நலம்’ என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை அந்த முதல் வரியில்தான் தகராறு. நான் முழுசாக நலம் இல்லை. உடனே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதே. எழுதுகிறவள் நான்தான், கையெழுத்தைப் பார், வழக்கம்போலக் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது. நெஞ்சுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பாம். ஊரே திரண்டு வந்தும் அடைக்க முடியாத வாய் என்னுடையது, அதை விட்டுவிட்டு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது பார். மாத்திரை சாப்பிடுகிறேன், நடக்கிறேன், உங்கப்பாவோடு சண்டை போடுகிறேன். ஆனால் ஆப்பரேஷன் ஒன்று வேண்டிவரும், அதிகம் தள்ளிப்போட வேண்டாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருக்கிறார். உன்னிடம் மறைத்ததற்கு என்னைத் திட்டு. முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. இப்போது சொல்வதற்குக் காரணம் என் நெஞ்சு இல்லை, பிரேமா.

பிரேமா யார் என்று உனக்குத் தெரியும். உன் பெண்டாட்டி சுமதிக்குத் தெரியாது, இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற அவளுக்கும் தெரியட்டும். வருஷா வருஷம் சித்திரை பிறந்தால் உங்கப்பா சட்டைப் பையைத் தடவ ஆரம்பிப்பார். மெடிக்ளெய்ம் பாலிசிக்குப் பிரீமியம் கட்டுகிற மாசம். வருஷம் தவறாமல் வந்து அவர் பையைக் காலி பண்ணிவிட்டுப் போகிறவளுக்கு நான் வைத்த பெயர்தான் பிரேமா. ‘ஏனுங்க, பிரேமாளுக்குக் குடுத்தாச்சுங்களா?’ என்று ஒரு தடவை நம் பனியன் கம்பெனிக்குள் நின்று கத்திவிட்டேன். அப்போதுதான் திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எக்கா, ஒங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசுக்கா’ என்று கண்ணைத் துடைத்தாள். ரெண்டு நாள் கழித்துத்தான் அவளுக்கு நிஜத்தைச் சொன்னேன். அந்த ரெண்டு நாளும் உங்கப்பாவை அவள் முறைத்த முறைப்பு இருக்கிறதே!

இந்த வருஷம் பிரேமா ரொம்பப் பெருத்துவிட்டாள். உங்கப்பாவும் நானும் ஒரே வருஷத்தில் அடுத்த வயதுப் படிக்கு ஏறிவிட்டோமாம், அதனால் ரேட் ஏறிவிட்டது. போன வாரம் நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணினாய். போன் கட்டிங் டேபிள் மேல், இந்தப் பக்கம் ஓவர்லாக் மிஷின், அந்தப் பக்கம் உங்கப்பா. ‘அம்மா, இந்த வருசத்திலிருந்து பிரீமியம் நான் கட்டறேன்’ என்றாய். எனக்குக் கண் நனைந்துவிட்டது. அடுத்த வரியிலேயே காய்ந்தும்விட்டது. ‘ஆனா பழசு வேண்டாம்மா, ரொம்ப ஏத்திட்டாங்க. இங்க ஒரு ஆஸ்பத்திரியே குடும்ப அட்டை போடறாங்க. கோயமுத்தூர்லயும் அவங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்குது. நாலு பேருக்கும் சேத்து பழசுல பாதிதான். ஃபாரத்துல கேக்கற வியாதி எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் அடிச்சுட்டா மறுநாளே அட்டை. வயசைக்கூடக் கொஞ்சம் கொறைச்சுப் போட்டுக்கலாம்கறாரு அவங்க ஏஜென்ட்டு.’

‘எத்தனை கொறைப்பாராம்?’ என்று கேட்டேன்.

‘அஞ்சாறு.’

‘அப்படின்னா உங்கக்கா பொறந்தப்ப நான் பாவாடை கட்டிப் பாண்டி ஆடிட்டிருந்திருக்கோணும். பரவால்லையா?’

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பக்கத்தில் உங்கப்பா சிரிக்கவில்லை. நான் வேடிக்கையாகப் பேசினால் வேறு எதையோ விழுங்குகிறேன் என்று அந்த மனுஷனுக்கு மட்டும் தெரியும்.

நீ தப்பாக ஒன்றும் சொல்லவில்லை சாமி. எங்கள் பாரம் குறையட்டும் என்றுதான் சொன்னாய். அதோடு நீ திருப்பூர்க்காரன். சாயப்பட்டறைக்காரர் கிலோவுக்கு ரேட்டை ஏற்றினால் மறுநாள் நம் துணி வேறு பட்டறைக்குப் போய்விடும். நிட்டிங், காஜா பட்டன், அட்டைப்பெட்டி, எல்லாமே இங்கே அப்படித்தான். ‘இந்தத் துணிக்கு இதுக்கு முந்தி எங்க சாயம் போட்டீங்க?’ என்று புதுப் பட்டறைக்காரர் ஒருநாளும் கேட்க மாட்டார். ஆனால் உடம்பை அப்படிக் கேட்பார்கள். இப்போது இருக்கிற பாலிசியில் நாங்கள் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. சேர்ந்த பிறகு வந்த நோய்க்கு அது பொறுப்பு. என் நெஞ்சு அடைத்தது சேர்ந்த பிறகுதான். இதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றில் போய் நின்றால், அதே அடைப்பு அவர்களுக்குப் பழைய நோய். பழைய நோய்க்குச் சல்லிக்காசு கிடையாது. என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது உன் கையில் பளபளவென்று ஒரு அட்டை இருக்கும், அவ்வளவுதான். இதுதான் விஷயம். பழசை விடாதே. இந்த ஒரு வரியை எழுதி நிறுத்தியிருக்கலாம், ஆனால் ‘ஏன் மறைச்சீங்க’ என்று நீ கேட்பாய். அதற்குத்தான் மீதிக் கடிதம்.

உங்கப்பாவை நான் முதன்முதலாக அழவைத்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஊரான குண்டடத்தில் மழை ஏமாற்றியதில் எங்கப்பா மாட்டை விற்றுவிட்டு எங்களைத் திருப்பூருக்குக் கூட்டிவந்திருந்தார். காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து விழுகிற பீஸ்களை மடித்து அடுக்குகிற வேலை எனக்கு. அங்கே ஒரு இளவட்ட கட்டிங் மாஸ்டர், முறைப்பென்றால் அப்படி ஒரு முறைப்பு. மத்தியானம் சாப்பிடப் போகும்போது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் பனியனோடு போவார், குழம்பு பட்டுவிடுமாம். ஒரு நாள் டெய்லர்கள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்தச் சட்டையின் ரெண்டு கை முனையையும் ஓவர்லாக்கில் ஓட்டி மூடித் தைத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் இஸ்திரி போட்ட நல்ல சட்டை. அன்றைக்கென்று முதலாளி ஒரு வடக்கத்தி வியாபாரியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். மாஸ்டர் ஓடிவந்து சட்டையை எடுத்துக் கையை நுழைத்தார். கை போகிறது, போகிறது, முனையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கையால் அந்தக் கையை இழுக்கலாம் என்றால் இதுவும் மூடிக் கிடக்கிறது. ரெண்டு பக்கமும் அடித்துக்கொண்டு கோழி மாதிரி நின்றார். முதலாளி சிரித்தார், வியாபாரி சிரித்தார், நாங்கள் பனியன் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினோம். மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. யார் செய்தது என்று அவருக்குத் தெரியும். முதலாளி அதட்டிக் கேட்டபோதும் காட்டிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, ‘தையல் கோணாம வந்திருக்குதுங்க. மிஷின் ஓட்டக் கத்துக்கறீங்களா?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததில்தான் உங்கக்காவும் நீயும் பிறந்தீர்கள்.

பொய் எழுதி வாங்குகிற பாலிசி அந்தச் சட்டைதான் கண்ணு. ஆணியில் தொங்குகிற வரைக்கும் நல்ல சட்டை. கையை நுழைக்கிற அன்றைக்குத்தான் தெரியும். அப்படி ஒன்றை நாங்கள் ஏற்கெனவே மாட்டிப் பார்த்தவர்கள்.

ரெட்டைப்பை மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஒன்றுவிட்ட தம்பி. தோளில் ஒரு ரெக்ஸின் பை, அதில் இன்சூரன்ஸ் ஃபாரங்கள். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை, அதில் ஜாதகங்கள். காலையில் பாலிசி, மாலையில் வரன். பெருமாநல்லூர் வரைக்கும் அவன் காப்பி குடிக்காத ஊடு கிடையாது. மெடிக்ளெய்ம் என்று ஒன்று வந்திருக்கிறது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும் என்று அவன் ஃபாரத்தோடு வந்து உட்கார்ந்தபோது நீ பிளஸ் டூ, ஹாஸ்டலில் இருந்தாய். உங்கக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உங்கப்பாவுக்குச் சர்க்கரை வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

‘ஏனுங் மச்சான், சுகரு, பிரசரு, அந்த மாதிரி ஏதாச்சும் உண்டுங்களா?’ என்று பேனாவைத் திறந்துகொண்டு கேட்டான்.

உங்கப்பா ரெக்ஸின் பையைப் பார்க்கவில்லை, மஞ்சள் பையைத்தான் பார்த்தார். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்றார். அவருக்காக நான் கலந்து வைத்திருந்த வெந்தயத் தண்ணீர் டம்ளரை நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். காலையில் ரெக்ஸின் பையில் ஏறுகிற நோய் சாயங்காலம் மஞ்சள் பைக்குள் இறங்கிவிடும், பெண் பார்க்க வருகிறவர்கள் ‘அந்தக் குடும்பத்துல சர்க்கரையாமே’ என்று பாதி வழியில் திரும்பிவிடுவார்கள் என்று பயம். நாங்கள் மட்டும் இல்லை. கல்யாண வயதில் ஒரு பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் அதே பதில்தான். என் தம்பி எழுதிய பாலிசிகளை மட்டும் ஒருத்தர் எடுத்துப் படித்தால், இந்த ஊரில் யாருக்கும் தும்மல்கூட வந்ததில்லை என்று நினைத்துக்கொள்வார்.

உங்கக்கா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் கட்டிங் கத்தரி கை தவறி உங்கப்பா கால்மேல் விழுந்தது. ஆறவில்லை. மஞ்சள் வைத்தோம், மருந்து வைத்தோம், விரல் கறுத்துப்போன பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். ‘சர்க்கரை எத்தனை வருஷமா?’ என்று டாக்டர் கேட்டார். ஏஜென்டிடம் சொன்ன பொய்யை டாக்டரிடம் சொன்னால் காலே போய்விடும் என்று உங்கப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். ரெண்டு விரலை எடுத்தார்கள். நீ வந்து பார்த்தாய், அழுதாய், ஞாபகம் இருக்கும். மாசக்கணக்கில் ஆகிற செலவு அது. பில்லெல்லாம் சேர்த்து அனுப்பினோம். சர்க்கரை பழைய நோய், சேரும்போது சொல்லவில்லை, அதனால் இல்லை என்று பதில் வந்தது. கை நுழையவில்லை. ரெண்டு ஓவர்லாக் மிஷினை விற்றோம். ‘ஆர்டர் குறைஞ்சுபோச்சு, அதனால வித்துட்டோம்’ என்று உன்னிடம் சொன்னேன். உங்கப்பா என்னைப் பார்த்து, ‘விடு புள்ள, செருப்புல எடம் தாராளமா இருக்குது’ என்றார். 

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்தது. உங்கக்கா மாமனார் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். நான் எல்லோருக்கும் காப்பி வாங்கிவந்து நீட்டினேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு தயங்கித் தயங்கி, ‘சர்க்கரை போடாம கெடைக்குங்களா?’ என்றார். கட்டிலில் படுத்திருந்த உங்கப்பா தலையைத் தூக்கி, ‘எத்தனை வருசமாங்க சம்பந்தி?’ என்று கேட்டார். ‘இந்தச் சம்பந்தம் பேசறதுக்கு முந்தியே இருக்குதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு…’ அவர் முடிக்கவில்லை. ‘எங்களுக்கும் அதேதானுங்க’ என்றேன் நான். ரெண்டு சர்க்கரைக்காரர்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். ரெண்டு பக்கமும் பயந்து பயந்து ஒளித்ததற்கு எங்களுக்குக் கிடைத்தது அந்தச் சிரிப்புதான், வேறொன்றும் இல்லை.

ரெட்டைப்பை மாமா வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு மஞ்சள் பை இல்லை. உங்கப்பா கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

‘உனக்கு நெசமாவே தெரியாதா தம்பி?’ என்று கேட்டேன்.

‘தெரியுமுங்கக்கா. வெந்தயத் தண்ணி டம்ளரைப் பாத்தேன்.’

‘பாத்துட்டு எதுக்கு இல்லைன்னு எழுதினே?’

‘எழுதியிருந்தா கல்யாணம் நின்னிருக்குமுங்க. எழுதாததுனால கிளெய்ம் நின்னு போச்சுங்க. அன்னைக்குக் கல்யாணம்தானுங்கக்கா பக்கத்துல இருந்துச்சு.’

உங்கப்பா, ‘போதும் சாமி, பிரேமாளைத் தலைமுழுகீடலாம்’ என்றார். தம்பிதான் தடுத்தான். ‘விட்டறாதீங்க மச்சான். உங்க சுகரை இப்பவாச்சும் எழுதிக்குடுத்துடலாம். சுகர்னால வர்றதுக்குக் கெடைக்காது, மத்ததுக்குக் கெடைக்கும். அக்கா பேர்ல எழுதினது பூராம் நெசம்தானுங்களே?’ ‘நெசம்தான். அன்னைக்கு எனக்கு நாக்கு நீளம்கறதைத் தவிர வேற வியாதி இல்லை’ என்றேன். அந்த வருஷத்திலிருந்து உள்ளது உள்ளபடி எழுதி, ஒரு வருஷமும் விடாமல் கட்டுகிறோம். அதிலும் ஒரு சண்டை உண்டு. ஊர் வழக்கப்படி உங்கப்பா அடுத்த மாசத் தேதி போட்டு செக்கை நீட்டுவார். ‘இவீங்க நம்ம காதர்பேட்டைப் பனியன் பார்ட்டி இல்லீங்க மச்சான். பணம் சேந்தாத்தான் பாலிசி. நடுவுல பத்து நாள் விட்டுப்போனாலும் புதுசா சேந்த மாதிரி ஆயிரும்’ என்று தம்பி செக்கைத் திருப்பித் தருவான். உங்கப்பா முனகிக்கொண்டே இன்றைய தேதி போட்டு வேறு செக் எழுதுவார்.

அந்தச் சட்டையில் கை நுழைந்ததையும் பார்த்துவிட்டேன். தம்பிக்கு ரெண்டு பை என்றால் எனக்கு மூணாவதாக ஒரு பை, பித்தப்பை. அதில் கல். ஆப்பரேஷன் ஆனபோது நீ கூட இருந்தாய். பணம் எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாலிசியில்தான் வந்தது. உடனே இல்லை. அந்த பில், இந்த ரிப்போர்ட் என்று அலையவிட்டு, நான் அதற்கு மெதுக்ளெய்ம் என்று பெயர் வைத்த பிறகு வந்தது. ஆனால் வந்தது.

இப்போது என் நெஞ்சுக்கு வருகிறேன். உனக்குச் சுமதியைப் பேசி முடித்து வெற்றிலை பாக்கு மாற்றிய வாரம். சாம்பிள் மூட்டையோடு காதர்பேட்டையில் ஒரு கடை மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் யாரோ நெஞ்சின் மேல் ஒரு பேல் துணிமூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. கடைக்காரப் பாய் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, தன் காரிலேயே கொண்டுவந்து விட்டார். மறுநாள் உங்கப்பாவோடு கோயமுத்தூர் போனேன். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் பைபாஸ் என்றார். ‘எங்க ஊருக்கே இன்னும் பைபாஸ் ரோடு போடலீங்க, எனக்கெதுக்குங்க?’ என்றேன். டாக்டர் சிரித்தார். உங்கப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில், ‘பையன்கிட்டச் சொல்லீடலாமா?’ என்று கேட்டார். ‘கல்யாணம் முடியட்டுங்க’ என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். விரல் போயும், மிஷின் போயும், நாங்கள் அதே இடத்தில்தான் நிற்கிறோம். நம் வீட்டு நோய்களெல்லாம் முகூர்த்தம் பார்த்துத்தான் வெளியே வரும்போல. கல்யாணம் முடிந்தது. அப்புறம் மறுவீடு. அப்புறம் நீ பெங்களூரில் குடித்தனம் வைக்கட்டும் என்றேன். அப்புறம் மாரியம்மன் நோம்பி முடியட்டும் என்றேன். உங்கப்பா தினமும் ராத்திரி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பார். அதுதான் அவர் கேட்கிற கேள்வி.

நோம்பிக்கு வந்த நீ, முடிந்த மறுநாளே பெங்களூருக்குப் பஸ் ஏறினாய். சுமதி கொஞ்ச நாள் இங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். ஒரு மத்தியானம் எனக்குப் படபடவென்று வந்தது. யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட, பேக்கிங் அறையில் பனியன் கட்டுகளுக்குப் பின்னால் போனேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி ஒளிந்துகொண்டிருந்தாள். உன் பெண்டாட்டி. கட்டிங்கில் பறக்கிற பஞ்சு அவளுக்கு ஆகவில்லை. மூச்சு வாங்குகிறது, தோள் ரெண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்குகிறது, வாயில் ஒரு சின்ன பம்பு.

‘என்ன சாமி பண்றே?’ என்றேன்.

‘ஒண்ணுமில்லீங்கத்தை… தும்மலுங்க.’

‘தும்மலுக்குப் பம்பு அடிக்கறதை இப்பத்தான் பாக்கறேன்.’

அவள் என் கையைப் பார்த்தாள். ‘நீங்க என்னங்கத்தை பண்றீங்க?’

‘மிட்டாய் திங்கறேன்.’

‘மிட்டாயை ஆராச்சும் நாக்குக்கு அடியில வெப்பாங்களா?’

எனக்கு ஈடாகப் பேச இந்த வீட்டில் ஒரு ஆள் வந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிக்க ஆரம்பித்தோம். அவளுக்குச் சிரிக்க மூச்சு இல்லை, எனக்குச் சிரிக்க அனுமதி இல்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் அவள் அழுதாள். சின்ன வயதிலிருந்தே வீசிங்காம். ஒரு குழந்தை பிறக்கிற வரைக்கும் புகுந்த வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். மூச்சு விடக் கூடாது என்று வேறு யாரிடம் சொன்னாலும் பரவாயில்லை, இந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லியிருக்கிறார் பார். பெங்களூர்க் குளிரில் விடியற்காலையில் இழுப்பு வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாளாம். ‘தண்ணி சத்தத்துல அவருக்குக் கேக்காதுங்கத்தை’ என்றாள்.

உனக்குக் கேட்டிருக்காது. உன்மேல் குற்றம் இல்லை. நீ சின்னதிலேயே தூங்கினால் கும்பகர்ணன், பக்கத்தில் மிஷின் ஓடினால்தான் தூங்கவே செய்வாய்.

அவளிடம் என் கதையைச் சொன்னேன், நீ புது அட்டைக்கு மாறப்போகிறேன் என்று சொன்னதையும் சொன்னேன். ‘அந்த ஃபாரம் அங்க டேபிள் மேலயே இருக்குதுங்கத்தை. எனக்கும் இல்லைன்னு டிக் அடிச்சு வெச்சிருக்காரு. அதைப் பாக்கறப்பெல்லாம் நெஞ்சு திக்குங்குது’ என்றாள். ‘நீயே சொல்லீடேன்’ என்றேன். ‘எனக்கு வாய் வரமாட்டீங்குதுங்க. உங்களுதோட என்னுதையும் சேத்து எழுதீடுங்க. நானே கொண்டுபோய்க் கையில குடுத்துட்டு, எதுத்தாப்பலயே நிக்கறனுங்க.’ அதனால்தான் அவளுடையதையும் நான் எழுதுகிறேன். அவள் வாயால் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன். அவளிடம் இதைப் படித்தும் காட்டிவிட்டேன், கும்பகர்ணன் மட்டும் அவள் போடச் சொன்னது.

செய்ய வேண்டியது இதுதான். பழைய பாலிசியை, நாள் தவறுவதற்கு முன்னால், இன்றைய தேதி போட்ட செக்காகக் கட்டு. அதிலேயே சுமதி பெயரைச் சேர். வீசிங் என்று எழுது. வீசிங்குக்கு அவர்கள் கொடுக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். நாளைக்கு அவளுக்கு வேறு எது வந்தாலும் சட்டைக் கை திறந்திருக்கும். ரேட் ஏறியிருக்கிறதே என்று மலைக்காதே, பாதி நீ கட்டு, பாதி நாங்கள் கட்டுகிறோம். பிரேமா இனி ரெண்டு வீட்டுக்கும் பொது. என் ஆப்பரேஷனுக்கு ஆடி கழிந்து நாள் கேட்டிருக்கிறேன். அதற்கு நீ வந்து என் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நான் ஏதாவது வேடிக்கையாகத்தான் பேசுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது நீ சிரித்துவிடாதே, உங்கப்பா மாதிரி சும்மா நின்றால் போதும்.

உனக்குப் பெண் பார்த்தபோது பத்துப் பொருத்தமும் பார்த்தோம். செவ்வாய் எங்கே, சனி எங்கே என்று கேட்டோம். உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா கண்ணு என்று அந்தப் பெண்ணை ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்களும் எங்களைக் கேட்கவில்லை. நம்மில் இதுவரைக்கும் அப்படிக் கேட்டது அந்த ஃபாரம் ஒன்றுதான், அதையும் நீ டிக் அடித்து வாயை மூடிவிட்டாய். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய பாலிசியில் பெயர் சேர்க்கிற ஃபாரத்தை எடு. அவள் இப்போது உன் எதிரில்தான் நிற்பாள், புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு. உட்காரச் சொல். ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படி. அவள் சொல்லச் சொல்ல எழுது. அப்புறம் பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டு உன்னுடையதைச் சொல். நீ என் வயிற்றில் பிறந்தவன், எதையாவது ஒளித்துத்தான் வைத்திருப்பாய்.

இனி உங்கள் ஊட்டில் விடியற்காலையில் குழாய்ச் சத்தம் கேட்டால் எழுந்து போ சாமி. குழாயை மூடு. மூடிவிட்டு அவள் பக்கத்தில் நில், அவள் மூச்சு சரியாகிற வரைக்கும்.

உன் அம்மா